மணியளவு பொன்

பாடசாலைச் சரித்திர நூல்களை விரித்தால், 1492ஆம் ஆண்டிற் கொலம்பஸ் அமெரிக்காவைக் 'கண்டுபிடித்தார்' என்ற வாக்கியம் தவறாது கண்ணிற்படும். கண்டுபிடித்தவர் பெயரும், அவருடைய மூன்று கப்பல்களின் பெயரும், அவரை அனுப்பிவைத்த அரசியின் பெயரும் மாணவர்க்கு மனப்பாடம். ஆனால் அவர் கரையிறங்கியபோது அங்கே எதிர்கொண்டு நின்ற மக்கள் யாவர், அவர்கள் பின்னர் என்னவாயினர் என்று வினவினால் விடைசொல்வார் அரியர். ஐரோப்பியரை அங்கு முதன்முதல் வரவேற்ற அந்தத் தைனோ மக்களின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

கொலம்பஸ் தேடிச் சென்றது இந்தியாவையும் அதற்கப்பாலுள்ள கீழைத் தேசங்களையுமே. 1492 ஒக்டோபர் 12இல் அவர் மிதித்த மண்ணோ, இன்று பகாமாஸ் எனப்படும் தீவுக் கூட்டத்துள் ஒன்று. அங்குள்ளோர் அதனைக் குவானகானி என்றழைத்தனர். அப்பெயரைக் கேட்டறிந்த பின்னும் அவர் தீவுக்குச் சான் சல்வடோர் என்றும், மக்களுக்கு 'இந்தியர்' என்றும் பெயரிட்டார். தாம் எங்கு நிற்கின்றோம் என்பதை அறியாத ஒருவர் இட்ட பெயர், இரு கண்டத்து மக்கள்மீது ஐந்நூறு ஆண்டுகளாக ஒட்டிக்கிடக்கின்றது.

அவருடைய நாட்குறிப்பின் சுருக்கம் இன்றும் உண்டு. இம்மக்கள் சாந்தகுணமுடையோர், கேட்டதைக் கொடுப்போர் என்று வியந்தெழுதியவர், இரண்டு நாளில், ஐம்பது ஆளிருந்தால் இவர்கள் யாவரையும் அடக்கி ஏவல்கொள்ளலாம் என்றும் எழுதிவிட்டார். வியப்பும் கணக்கும் ஒரே ஏட்டில் அருகருகே கிடக்கின்றன.

தைனோக்கள் வெறுங் காட்டுவாசிகளல்லர். இன்று ஹெயிற்றி, தொமினிக்கன் குடியரசு என்னும் இரு நாடுகளைக் கொண்ட பெருந்தீவில், 'கசிக்கே' எனப்படும் தலைவர்களின் கீழ்ப் பெருங் கிராமங்களில் அவர்கள் வாழ்ந்தனர். ஒரே மரத்தைக் குடைந்து பெரும் படகுகள் செய்தனர். மண்ணை மேடுமேடாகக் குவித்த 'கொனுக்கோ' என்னும் தோட்டங்களில் மரவள்ளி நட்டனர். எமது நாட்டில் ஏழை வீட்டுக்கும் உணவாகும் மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்காவே. அவர்கள் பயிரிட்டதிற் கைப்பு வகையும் உண்டு. அதன் சாறு நஞ்சு. கிழங்கைத் துருவிப் பிழிந்து நஞ்சகற்றி, ஓட்டிற் சுட்டு, நெடுநாட் கெடாத 'கசாபே' என்னும் அப்பம் ஆக்கினர். அந்த அறிவு ஒருநாளில் வந்திருக்க முடியாது.

1492 டிசெம்பர் 24 நள்ளிரவிற் கொலம்பஸின் தலைமைக் கப்பல் இத்தீவின் வடகரையில் மணல்மேட்டில் ஏறிச் சிதைந்தது. அப்பகுதியின் கசிக்கே குவாக்கனகாரி தம் மக்களைப் படகுகளில் அனுப்பிப் பொருளனைத்தையும் கரைசேர்ப்பித்தார். ஓர் ஊசிதானும் களவு போகவில்லை எனக் கொலம்பஸே சான்று பகர்கின்றார். கப்பலின் மரத்தாற் கோட்டையொன்று கட்டி, 39 பேரை அங்கு விட்டு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு 17 கப்பல்களுடன் வந்தபோது கோட்டை எரிந்துகிடந்தது. 39 பேரும் மாண்டிருந்தனர். பொன்னுக்கும் பெண்ணுக்குமாக அவர்கள் ஊரூராய்ச் செய்த அட்டூழியமே அதற்குக் காரணம் எனக் கூறப்பட்டது.

முதற் பயணத்திற் கொலம்பஸ் கொடுத்த பரிசுகளுள், வேட்டைப் பருந்தின் காலிற் கட்டும் சிறு மணியைத் தைனோக்கள் பெரிதும் விரும்பினர். 1495இல் அதே மணி வரியின் அளவுகோலாயிற்று. பொன் விளையும் பகுதிகளில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நிறையப் பொற்றுகள் கொடுத்தல் வேண்டும். ஏனையோர் பருத்தி கொடுத்தல் வேண்டும். கொடுத்தவர் அதற்கு அடையாளமாக வில்லையொன்றைக் கழுத்தில் அணியவேண்டும். ஆற்றுமணலை அரித்தெடுக்கும் பொன் அத்தனை எங்கிருந்து வரும்? அதே ஆண்டில் 500 பேர் வரையில் அடிமைகளாக ஸ்பெயினுக்கு ஏற்றப்பட்டனர். அவர்களுள் 200 பேரளவில் நடுக்கடலிலேயே இறந்தனர்.

இங்கே ஒரு செய்தியை நாம் சற்று நின்று நோக்கல் வேண்டும். குவாரியோனெக்ஸ் என்னும் கசிக்கே கொலம்பஸிடம், தம் மக்களுக்குப் பொன்னெடுக்கத் தெரியாதென்றும், அதற்கு ஈடாகத் தீவின் வடகரை தொட்டுத் தென்கரை வரை ஒரே தோட்டமாகப் பயிர்செய்து அரசருக்குத் தருவதாகவும் வேண்டினார். லாஸ் காசாஸ் என்னும் பாதிரியார் இதனை எழுதிவைத்திருக்கின்றார். கொலம்பஸ் அதற்கு இசையவில்லை. ஸ்பெயினிலிருந்தவர்கள் எதிர்பார்த்தது பொன்னையே; கிழங்கையன்று. குவாரியோனெக்ஸ் பின்னர் கலகஞ் செய்து பிடிபட்டார். 1502இல் விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டபோது கப்பல் புயலிற் சிக்கி மூழ்கியது. ஒரு தைனோப் பெண் கண்டெடுத்த பெரும் பொற்கட்டியும் அக்கப்பலோடு கடலுக்குள் சென்றது. அத்தகைய புயலுக்கு ஆங்கிலேயர் இன்று வழங்கும் 'ஹரிக்கேன்' என்னும் சொல்லும் அம்மக்களிடமிருந்து வந்ததே.

அவ்வாண்டு வந்த தேசாதிபதி ஒவாந்தோவின் காலத்திற் கொடுமை சட்டமாயிற்று. 1503இல் மேற்குப் பகுதியின் அரசியாகிய அனக்காவோனா அவரை விருந்துபசாரத்துடன் வரவேற்றார். அவருடைய தலைவர்களை ஒரு வீட்டினுள் அடைத்துத் தீயிட்டனர். அரசியைத் தூக்கிலிட்டனர். இதற்குப்பின் கிராமங்கள் ஸ்பானியக் குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டன. ஆடவர் மாதக்கணக்காகச் சுரங்கத்தில், பெண்டிர் தோட்டத்தில். பட்டினியால் தாய்மாரிடம் பால் வற்றக் குழந்தைகள் இறந்தன. பன்றியும் மாடும் காவலின்றித் திரிந்து கொனுக்கோக்களை அழித்தன. மரவள்ளியின் நஞ்சுச்சாற்றைக் குடித்து உயிர்விட்டோரும் பலர்.

ஐரோப்பியர் வருமுன் தீவின் சனத்தொகை எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. ஓர் இலட்சத்துக்கும் குறைவென்போரும், பல இலட்சம் என்போரும் உளர். ஸ்பானியர் கணக்கின்படி 1508இல் 60,000 பேர். 1514இல் ஏறக்குறைய 26,000. அம்மைநோயே அம்மக்களை அழித்தது, அது எவர் குற்றமுமன்று எனச் சிலர் அமைதி கூறுவர். புதிய காய்ச்சல்கள் 1493 முதலே வந்தன என்பது மெய். ஆயினும் பெரியம்மை அத்தீவிற் பரவியதாகப் பதிவானது 1518இன் இறுதியிலேதான். அதற்கு முன்னரே பாதிக்கு மேற்பட்டோர் மறைந்துவிட்டனர். உண்ணவும் உறங்கவும் பிள்ளை வளர்க்கவும் விடாது வேலைவாங்கிய பின்னரே அம்மை வந்தது. நோயின்மீது பழி முழுவதையும் சுமத்துதல் நேர்மையான சரித்திரமாகாது என்பதே எமது கருத்து.

ஸ்பானியருள்ளும் நெஞ்சுடையோர் இருந்தனர் என்பதை மறைத்தல் தகாது. 1511 டிசெம்பர் 21இல், சாந்தோ தொமிங்கோவின் ஓலைக் கோவிலில், அந்தோனியோ மொந்தெசினோஸ் என்னும் துறவி, தேசாதிபதியும் சபையிலிருக்க, இம்மக்களும் மனிதரல்லரோ, எந்த உரிமைகொண்டு இவர்களை வதைக்கின்றீர் எனக் கேட்டார். சபையார் சினந்தெழுந்து, அவர் கூறியதை மீளப்பெறவேண்டுமென்றனர். அடுத்த ஞாயிறும் அவர் அதனையே இன்னும் அழுத்திக் கூறினார். முன்னம் நாம் குறித்த லாஸ் காசாஸும் ஒருகாலத்திற் பங்கு பெற்று ஆட்களை வைத்திருந்தவரே. 1514இல் அதனைத் துறந்து, 1566இல் இறக்கும்வரை அம்மக்களுக்காக வாதாடினார். இவர்களைக் காக்க எண்ணி ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாமென ஆலோசனை கூறிய பெரும்பிழையும் அவருடையதே. பிற்காலத்தில் அதற்காக வருந்தித் தாமே எழுதியிருக்கின்றார்.

ஆயினும் தைனோக்கள் பிறர் வாதாடும்வரை காத்திருந்தவரல்லர். துறவிகளிடம் கல்விகற்ற என்ரிக்கியோ என்னும் இளந்தலைவர், நீதிமன்றம் சென்றும் நியாயம் பெறாது, 1519இல் தம் மக்களுடன் பகோருக்கோ மலையிற் புகுந்தார். பதினான்கு ஆண்டுகள் அவரைப் பிடிக்க இயலவில்லை. 1533இற் சக்கரவர்த்தி ஐந்தாம் சாள்ஸ் தூதனுப்பி அவரோடு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. ஆனால் அப்போது தீவில் எஞ்சிய தைனோக்கள் மிகச் சிலரே.

அவர்கள் பூண்டோடு அழிந்தனர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. பகாமாஸின் எலியூதரா தீவிலே, ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த பெண்ணொருத்தியின் பல்லிலிருந்து அவளது மரபணு முழுவதையும் அறிஞர் படித்து, 2018இல் வெளியிட்டனர். இன்றைய போர்த்தோ ரிக்கோ மக்களின் குருதியில் அவளது இனத்தாரின் வழி தொடர்வதை அது காட்டிற்று. கசாபே அப்பமும் மறையவில்லை. கியூபா, ஹெயிற்றி, தொமினிக்கன் குடியரசு, ஹொண்டூராஸ், வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் ஒருங்கே விண்ணப்பிக்க, யுனெஸ்கோ 2024 டிசெம்பரில் அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. குவாரியோனெக்ஸ் கொடுக்க முன்வந்த கிழங்கை, அத்தீவின் பெண்கள் இன்றும் துருவிப் பிழிந்து, வட்ட ஓட்டிற் சுட்டு, சந்தையில் விற்கின்றனர்.