மழைக்கு ஏங்கும் ஊர், மழைக்கு அஞ்சும் ஊர்

லீவு கிடைத்தால் எங்கே போவீர்கள்? கொடைக்கானல், ஊட்டி, குற்றாலம்... கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் பிரான்ஸ் வரைக்கும்கூடப் போய்வருகிறார்கள். அங்கே பழைய கோட்டையும் தேவாலயமும் இருக்கிற சின்ன ஊர் ஒன்றில் தங்குவது, பகலில் தெருத்தெருவாகச் சுற்றுவது, பக்கத்துக் காட்டில் நடப்பது, ராத்திரி அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியை ருசி பார்ப்பது... இதற்காகவே லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். செலவழிக்கட்டும். ஆனால், பழைய ஊர், பக்கத்திலேயே காடு, பேர்பெற்ற பண்டம் இந்த மூன்றும் மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் இருக்கின்றன. ஊரின் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

‘விருதுநகர் மாவட்டமா? ஐயோ, வெயில்!’ என்பீர்கள். நியாயம்தான். அந்த வெயிலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகாமல், விருதுநகரில் இறங்கி, அங்கிருந்து தென்காசி ரயிலில் மேற்கே போங்கள்.

விருதுநகருக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். 1923 வரை இதற்கு விருதுபட்டி என்று பெயர். 1903-ல் காமராஜர் பிறந்து வளர்ந்த வீடு இன்று நினைவு இல்லம். ‘இந்த வீட்டிலிருந்தா ஒரு முதலமைச்சர் வந்தார்!’ என்று நினைக்கவைக்கும் எளிமை. இதே ஊரில்தான் 1956-ல், சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகத் தியாகி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த அக்டோபர் 13-ல் அவர் உயிர் பிரிந்தது. அவர் கேட்ட பெயர் 1969-ல்தான் வந்தது. ராத்திரி எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள்.

ரயில் மேற்கே திரும்பியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கரிசல் மண், சீமைக்கருவேலம், வறண்ட கண்மாய்கள். முதலில் திருத்தங்கல் வரும். சிலப்பதிகாரத்தில் திருத்தங்கால் என்று வருவது இந்த ஊர்தான். வார்த்திகன் என்ற ஒரு குற்றமற்ற மனிதரைத் திருடன் என்று அரண்மனைக் காவலர்கள் சிறையில் தள்ளினார்களாம். அவர் மனைவி அழுது புரண்டதில், கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்துவிட்டது. விஷயம் தெரிந்து பதறிய பாண்டியன், அவரை விடுவித்து, இந்த ஊரையும் வயலூரையும் கொடுத்து மன்னிப்புக் கேட்டான் என்று கதை போகிறது. குன்றின் மேலே இருக்கிற நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்று. ஏறினால் காற்று நன்றாக வரும்.

அடுத்தது சிவகாசி. இங்கேதான் வெயிலின் கதை ஆரம்பிக்கிறது.

ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மலையேறும் காற்று குளிர்ந்து, மழையை எல்லாம் கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. தெற்கே குற்றாலத்துக்கு மட்டும் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் எட்டிப் பார்க்கிறது. இந்தப் பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் கதி. அது பொய்த்தால் வருஷமே பொய்த்தது மாதிரி.

பயிர் கைகொடுக்காத ஊரில் என்ன செய்வது? 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு அடுத்த வருஷமே ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு ஈரம்தான் எதிரி. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய காகிதம் காய வேண்டும். எந்த வெயில் விவசாயியை விரட்டியதோ, அதே வெயில் இங்கே மூலதனமாகிவிட்டது. இன்னொரு வேடிக்கை பாருங்கள்... குச்சிக்கு வேண்டிய மெல்லிய மரம் கேரளத்திலிருந்து வந்தது. மழையைத் தடுத்த மலைக்கு அந்தப் பக்கம், அந்த மழையில் வளர்ந்த மரம்!

தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, பட்டாசுக்கு லேபிள் ஒட்டுவதிலிருந்து அச்சகம், காலண்டர் என்று ஊர் வளர்ந்தது. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்துச் சரக்கு.

‘பட்டாசு ஆலையைச் சுற்றிப்பார்க்க முடியுமா?’ என்று கேட்காதீர்கள். விடமாட்டார்கள். விடவும் கூடாது. சாலையிலிருந்தே பார்த்தால் தெரியும். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி, நடுவே வேப்பமரங்கள். ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் ஓடி வெளியே வர வேண்டும். இத்தனை ஆட்களுக்கு மேல் ஒரு அறையில் இருக்கக்கூடாது என்றுகூட விதி. விதி மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி காட்டியது. ஏறத்தாழ 40 பேர் பலி. அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு உதவி செய்யவும் என்ன என்று பார்க்கவும் ஓடி வந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். வருஷா வருஷம் ஏதாவது ஓர் ஊர் பெயர் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் இந்தப் பக்கம் மேகம் கறுத்தால் ‘மழை வந்தா வேலை இல்ல, வேலை இல்லன்னா கூலி இல்ல’ என்று கவலைப்படுவார்கள். காயவைத்த சரக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். சிவகாசி மழைக்கு அஞ்சும் ஊர்.

இப்போது மறுபடி ரயில் ஏறுங்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான். கரிசல் முடிந்து செம்மண் வருகிறது, தென்னந்தோப்பு வருகிறது. அதற்குப் பின்னால் நீலமாக ஒரு சுவர். அதுதான் அந்த மலை. ஸ்ரீவில்லிபுத்தூரில், அதே மேகத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் 11 நிலைக் கோபுரம் தெரியும். உயரம் 190 அடிக்கு மேல். தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ‘இல்லை, அது மதுரை மேற்குக் கோபுரம்’ என்று வாதாடுபவர்களும் உண்டு. நீங்கள் அந்தச் சண்டைக்குப் போகாதீர்கள். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் இது. 12 ஆழ்வார்களில் இரண்டு பேர் ஒரே ஊர்! விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர், 16-ம் நூற்றாண்டில் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்று காவியமாக எழுதினார். ஆண்டாள் சூடிக்களைந்த மாலை இன்றைக்கும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் அழகருக்கும் போகிறது. ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைக் கவனித்துப் பாருங்கள். தினமும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போனால் கூட்டம் இருக்கும்; சாவகாசமாகப் பார்க்க வேண்டுமானால் மார்கழிக்குப் பிறகு போங்கள்.

கோயிலைவிட்டு வெளியே வந்தால் பால்கோவா கடைகள். பால், சர்க்கரை, விறகு அடுப்பு, கைவலிக்கக் கிண்டும் ஒரு ஆள்... இவ்வளவுதான் சமாசாரம். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்குக் கண்மாய்த் தண்ணீர் வேண்டும். கண்மாய்க்கு? மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான்.

அந்த ஓடைகளைப் பார்க்க ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் செண்பகத்தோப்புக்குப் போங்கள். மாந்தோப்புகள், பளியர் குடியிருப்பு, அதைத் தாண்டிக் காடு. மலைமேலே காட்டழகர் கோயில். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்கும் அதிர்ஷ்டம் கிடைக்கலாம். வீட்டு அணில் மாதிரி இல்லை. வாலோடு சேர்த்தால் பூனையை மிஞ்சும். இது தரையில் இறங்க விரும்பாது. மரத்துக்கு மரம் தாவியே வாழும். அதனால், கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிழைக்கும். நடுவே நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும். இந்த அணிலைக் காப்பாற்ற 1988-ல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம்.

‘அணிலுக்கும் புலிக்கும் இவ்வளவு காடா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. காடு அணிலுக்கு மட்டும் இல்லை. மொட்டை மலையில் பெய்த மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடி முடிந்துவிடும். மரமும் சருகும் இருக்கிற மலை, அதைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வருஷத்தில் சில மாதம் மட்டுமே மழை காணும் ஊருக்கு அந்தக் காடுதான் தண்ணீர்த்தொட்டி. ராஜபாளையத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேற்கே அய்யனார் கோயில் அருவியில் குளித்துவிட்டு வருகிற வழியில், ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. நீங்கள் அருவியில் விட்டுவரும் ஷாம்பூ பாக்கெட் யார் வீட்டுக் குழாய்க்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு வத்திராயிருப்பு பக்கம் சதுரகிரி. தாணிப்பாறையிலிருந்து ஏற வேண்டும். ஆடி அமாவாசைக்கு மலையே தலைகளாகத் தெரியும். 2015 மே மாதம் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதனால், வனத்துறை ‘இன்னிக்கு ஏறாதீங்க’ என்றால் கெஞ்சாதீர்கள், குறுக்குவழி தேடாதீர்கள். கீழே பிளவக்கல் அணை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து மலையைப் பார்ப்பதும் நல்ல பொழுதுதான்.

திரும்பும்போது ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால் வெம்பக்கோட்டை வழியாக வாருங்கள். வைப்பாற்றுக் கரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொருட்கள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மழையை மட்டும் நம்ப முடியாத மண்ணில், மனிதர்கள் எப்போதோ கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். தீப்பெட்டியும் பட்டாசும் அந்த வரிசையில் நேற்று வந்தவை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். பால்கோவா வாங்குங்கள். பட்டாசும் வாங்குங்கள், உரிமம் உள்ள கடையில், ரசீதோடு வாங்குங்கள். ‘விலை கம்மி’ என்று வீட்டுக்குள்ளே திருட்டுத்தனமாகச் செய்த சரக்கை வாங்கினால், இடைவெளி விட்டுக் கட்டிய அந்த அறைகளுக்கும் வேப்பமரங்களுக்கும் அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஏதாவது நடந்தால் முதலில் போவது, நாள் கூலிக்கு அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காவின் உயிர்.