போதை மீட்பு ஆலோசகர் கல்வி

மது, கஞ்சா, புகையிலை போன்றவற்றுக்கு அடிமையானோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவோரை உருவாக்கும் கல்வி. இந்தியாவில் பெரும்பாலும் சமூகப்பணி அல்லது உளவியல் படித்தவர்களே இத்துறைக்கு வருகின்றனர். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் எனும் தேசிய மனநல நிறுவனம், மனநலச் சமூகப்பணியிலும் மருத்துவ உளவியலிலும் உயர்படிப்புகள் நடத்துகிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்தபின், 1980இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை நிறுவினார். சிகிச்சையோடு ஆலோசகர் பயிற்சியையும் அது வளர்த்தது. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாணவர் முதலில் கற்பவற்றுள் ஒன்று, நான்கே கேள்விகள் கொண்ட கேஜ் சோதனை. குடியைக் குறைக்க வேண்டுமென்று எப்போதாவது நினைத்தீர்களா? பிறர் குறைசொன்னபோது எரிச்சல் வந்ததா? குற்றவுணர்வு ஏற்பட்டதா? காலையில் எழுந்ததும் குடிக்கத் தேவைப்பட்டதா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் விரிவாக ஆராய வேண்டும். கேள்விகள் எளியவை, கேட்கும் குரலில் குற்றச்சாட்டு கலக்காதிருப்பதற்குத்தான் நீண்ட பழக்கம் தேவை. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறை இந்தப் பழக்கத்துக்கே வழிகாட்டுகிறது. நோயாளியிடம் வாதாடாமல், மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவைப்பது அதன் அடிப்படை.

உடல்நல அறிவும் கட்டாயம். பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல் ஆகியவை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆலோசகர் மருந்து எழுதுவதில்லை. ஆனால், எந்த அறிகுறி கண்டவுடன் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று அவர் அறிந்திருக்க வேண்டும். இதை வகுப்பறையில் மட்டும் கற்க முடியாது. எனவே மருத்துவமனைக் களப்பயிற்சியே இக்கல்வியின் உயிர்ப்பகுதி.