பெயர்ப் பொருத்தம்: தொடுபுழா முதல் எலப்புள்ளி வரை

2010 மார்ச்சில், இடுக்கி மாவட்டம் தொடுபுழாவின் நியூமேன் கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு மலையாளப் பாடத்தில் ஓர் உள்தேர்வு நடந்தது. வினாத்தாளில் ஒரு சிறு உரையாடலைக் கொடுத்து, நிறுத்தற்குறிகளை இடச் சொல்லியிருந்தார்கள். மனம் பிறழ்ந்த ஒருவன் கடவுளிடம் பேசுகிறான். திரைப்பட இயக்குநர் பி.டி. குஞ்ஞுமுகம்மது திரைக்கதை பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்த பகுதி. மூலத்தில் பேசுபவனுக்குப் பெயரில்லை. வினாத்தாளைத் தயாரித்த பேராசிரியர் டி.ஜே. ஜோசப், கட்டுரையாளரின் பெயரிலிருந்தே அவனுக்கு ‘முகம்மது’ என்று வைத்ததாகப் பின்னர் விளக்கினார். விளக்கத்தைக் கேட்க ஆளில்லை. அது நபிகளின் பெயர் என்று சிலர் வாசித்தார்கள். வாசிக்கவைத்தார்கள் என்பது இன்னும் சரி.

2010 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. மூவாற்றுப்புழாவில் தேவாலயத்திலிருந்து தாயோடும் சகோதரியோடும் காரில் திரும்பிக்கொண்டிருந்த ஜோசப்பை, வீட்டருகே ஒரு வேனில் வந்தவர்கள் மறித்தார்கள். கண்ணாடியை உடைத்து வெளியே இழுத்துப்போட்டு, வலது கையை மணிக்கட்டோடு வெட்டினார்கள். பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை மீண்டும் பொருத்தப்பட்டது.

இந்தத் தாக்குதலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மதநிந்தனை, கருத்துரிமை என்ற இரு சொற்களைச் சுற்றியே வருகிறது. என் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பெயரைப் பார்த்ததும் அதற்குரிய ஆளை விட்டுவிட்டு, அப்பெயர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தேடும் பழக்கத்தைப் பெயர்ப் பொருத்தம் என்று அழைக்கலாம். ஜோசப்பை வெட்டியவர்களின் முதல் வேலை அதுதான். ஆனால் தாக்குதலுக்குப் பின் பொதுச்சமூகமும் அரசும் அதே பழக்கத்தைக் கையிலெடுக்கும்போதுதான் பயங்கரவாதம் தன் இலக்கை எட்டுகிறது. தேசிய அடையாளம் குறித்த நம் பேச்சு பெரும்பாலும் அந்தப் பழக்கத்துக்கு மரியாதையான உடையைத் தைத்துக் கொடுக்கிறது. கேரளத்தின் கிழக்கெல்லையில் இதைக் கூர்ந்து காண முடிகிறது.

முதலில் தொடுபுழாவின் எதிர்வினைகள். கோதமங்கலம் மறைமாவட்டத்தின் கீழ் இயங்கும் கல்லூரி, வெட்டுப்பட்டவர் சிகிச்சையில் இருந்தபோதே, 2010 செப்டம்பர் 1 அன்று அவரைப் பணிநீக்கம் செய்தது. மத நல்லிணக்கத்தைக் காக்கவே இந்த நடவடிக்கை என்ற தொனியில் வாதம் வைக்கப்பட்டது. நிர்வாகத்தின் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. தன் சமூகத்துக்குப் பழி வந்துவிடக் கூடாது என்ற பதற்றம் அது. ஆனால் வெட்டியவர்கள் சொன்ன குற்றத்தை வெட்டுப்பட்டவரின் சொந்தச் சபையே வழிமொழிந்ததுபோல் ஆயிற்று. 2013 நவம்பரில் தொடுபுழா நீதிமன்றம் வினாத்தாள் தொடர்பாக அவர்மீது போடப்பட்ட வழக்கிலிருந்து அவரை விடுவித்த பிறகும் வேலை திரும்பவில்லை. 2014 மார்ச் 19 அன்று அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். மார்ச் 28 அன்று வேலை திரும்பக் கிடைத்தது. மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றார்.

இரண்டாவது எதிர்வினை மாநிலத்தின் உச்சியிலிருந்து வந்தது. தாக்குதல் வழக்கில் பாப்புலர் பிரண்ட் ஆஃப் இந்தியா அமைப்பைச் சேர்ந்தவர்கள் கைதாகிக்கொண்டிருந்தார்கள். 2010 ஜூலை 24 அன்று தில்லியில் செய்தியாளர்களிடம் பேசிய முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன், இருபது ஆண்டுகளில் கேரளத்தை முஸ்லிம் பெரும்பான்மை மாநிலமாக்க அந்த அமைப்பு முயல்கிறது என்றார். அமைப்பைக் குறிவைத்துப் புறப்பட்ட வாக்கியம், மக்கள்தொகைக் கணக்கில் போய் நின்றது. பேசியவர் இடதுசாரித் தலைவர் என்பதால், பெயர்ப் பொருத்தம் ஒரு கட்சியின் தனிச்சொத்து என்று எண்ணவும் வழியில்லை.

மூன்றாவது எதிர்வினைக்கு நாளிதழ்களில் சில வரிகளே கிடைத்தன. ஜோசப்புக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஜமாஅத்தே இஸ்லாமியின் இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

இனி நீதிமன்றக் கணக்கு. தேசியப் புலனாய்வு முகமை நடத்திய வழக்கில், 2015இல் 31 பேர் விசாரிக்கப்பட்டு 13 பேர் தண்டிக்கப்பட்டார்கள்; 18 பேர் விடுதலை. 2023 ஜூலையில் இரண்டாம் கட்டமாக 11 பேரில் ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, அவர்களில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதல் குற்றஞ்சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டவர் பதின்மூன்று ஆண்டுகள் தலைமறைவாக இருந்து, 2024 ஜனவரியில் கண்ணூர் மாவட்டத்தில் பிடிபட்டார். வேறொரு பெயரில் தச்சு வேலை செய்துவந்தார். இரு கட்டங்களையும் கூட்டினால் 42 பேரில் 19 பேர் தண்டனை பெற்றார்கள், 23 பேர் பெறவில்லை. இதை வழக்கின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, இந்தக் கை என்ன செய்தது என்று கேட்டதன் விளைவு அது. 2023 தீர்ப்புக்குப் பிறகு பேசிய ஜோசப்பும், தண்டனை பெற்றவர்கள் வெறும் கருவிகள், ஏவியவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்றே சொன்னார். வெட்டுப்பட்டவருக்கு இருந்த இந்தப் பகுத்தறியும் நிதானம் வேடிக்கை பார்த்தவர்களுக்கு இல்லாமல் போனது விந்தைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தனிமனிதர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், அவர்களைப் பயிற்றுவித்த அமைப்பு தப்பிவிடாதா? நியாயமான கேள்வி. அமைப்பு உறுப்பினர் சேர்க்கிறது, பணம் திரட்டுகிறது, ஆணையிடுகிறது. அதற்கு முகவரி உண்டு, ஆகவே பொறுப்பும் உண்டு. 2022 செப்டம்பர் 28 அன்று மத்திய அரசு பாப்புலர் பிரண்டை ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்ததன் சரிதவறுகளை அந்தத் தளத்தில் வாதிடலாம். சமூகம் ஆணையிடுவதில்லை, அதற்கு உறுப்பினர் அட்டையும் இல்லை. அமைப்புக்கும் சமூகத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் கோடு அழிந்தால் ஒரு முஸ்லிம் டீக்கடைக்காரர், தான் கேள்விப்பட்டே இராத ஒரு குற்றத்துக்குக் கண்டனம் தெரிவித்த பிறகுதான் இந்தியர் ஆகிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை.

கோடு அழிந்தால் நினைவும் இரண்டாகப் பிளக்கும். மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் கோவை. 1997 நவம்பர் 29 அன்று அங்கே ஒரு போலீஸ் காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று அல் உம்மா அமைப்பினர் வைத்த தொடர் குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். இவ்வழக்கில் கைதான கேரளத்து அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்து, 2007 ஆகஸ்ட் 1 அன்று விடுவிக்கப்பட்டார். அதற்கு முன்பே, 2006 மார்ச்சில், மனிதாபிமான அடிப்படையில் அவரை விடுவிக்கக் கோரிக் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இந்த வழக்கைச் சொன்னால் 58 பிணங்கள் நினைவுக்கு வருகின்றன. மேற்கே சொன்னால் நிரூபிக்கப்படாமல் சிறையில் கழிந்த ஒன்பது ஆண்டுகள். இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றைச் சொல்பவரிடம் மற்றதைச் சொன்னால், நீ எந்தப் பக்கம் என்ற கேள்விதான் பதிலாக வருகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது, இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் தாக்கப்பட்டு மலையிறங்கி வந்தார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. அங்கே மதம் இல்லை, பயங்கரவாத அமைப்பும் இல்லை. களை பறிக்கும் கூலியாளிடம் அணையின் நீர்மட்டத்துக்குக் கணக்குக் கேட்டார்கள், அவ்வளவுதான். குமுளியில் தமிழனைத் தமிழன் என்பதற்காக அடித்ததைக் கண்டித்த நம்மவர்களில் எத்தனை பேர், கோவையில் ஒரு பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடில்லை என்பதைக் கண்டித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி மீண்டும் கேரளத்தின் கிழக்கெல்லை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. 2021 நவம்பர் 15 அன்று இந்த வட்டாரத்தில் ஓர் ஆர்.எஸ்.எஸ். ஊழியர் மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். சரியாக ஐந்து மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 15, விஷு நாள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து தந்தையோடு பைக்கில் திரும்பிய பாப்புலர் பிரண்ட் ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டார். கொலைகாரர்கள் விட்டுச்சென்ற கார், நவம்பரில் இறந்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது. இறந்தவரின் பெயரையே விலாசமாக எழுதி அனுப்பிய பழி அது. மறுநாள் பாலக்காடு மேலாமுறியில், தன் கடையிலிருந்த இன்னொரு ஆர்.எஸ்.எஸ். ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டவர் இன்ன ஆள் என்பதற்காகவா, இன்ன பட்டியலில் இருந்ததற்காகவா என்ற கேள்விக்கு இந்த வேகமே விடை சொல்கிறது. மாவட்ட நிர்வாகம் சில நாள்களுக்கு இருசக்கர வாகனங்களின் பின்னிருக்கையில் ஆண்கள் அமர்ந்து செல்லத் தடை விதித்தது; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு. பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ போகும் அப்பனும் வளர்ந்த மகனும் ஒரே பைக்கில் போக முடியாமல் ஆயிற்று.

அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று, தலைவர்கள் கைதானதை எதிர்த்து பாப்புலர் பிரண்ட் நடத்திய ஹர்த்தாலில் அரசுப் பேருந்துகள் நொறுக்கப்பட்டன. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, இழப்பீடாக 5.20 கோடி ரூபாய் கட்ட உத்தரவிட்டது. பணம் வராததால் அமைப்பினரின் சொத்துகளை ஜப்தி செய்யச் சொல்லி, தாமதத்தையும் கண்டித்தது. 2023 ஜனவரியில் வருவாய்த் துறையினர் அவசர அவசரமாகப் பட்டியலோடு இறங்கினார்கள். தனிமனிதர்களை எண்ணும் பொறுமையைக் கற்றுத்தந்த நீதித்துறையின் அவசரமே இங்கே பிழைக்கு வழிவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பெயரும் முகவரியும் ஒத்துப்போனதால், அந்த அமைப்புக்குத் தொடர்பே இல்லாதவர்களின் சொத்துகள், முஸ்லிம் லீக்கைச் சேர்ந்தவர்களுடையவை உட்பட, ஜப்திக்கு உள்ளாயின. தவறாக எடுத்தவற்றை விடுவிக்க நீதிமன்றம் பின்னர் உத்தரவிட்டது.

எலப்புள்ளியில் விஷு நாளில் கொல்லப்பட்டவரின் வீட்டுக்கும் ஜப்தி நோட்டீஸ் வந்தது. அந்த ஹர்த்தால் நடந்தபோது அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.