பனி மூடிய பாதை

பல மாதம் கழித்து ஆபீஸுக்குத் திரும்புகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? தன் நாற்காலியையா, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலியையா? கொரோனாவுக்குப் பிறகு நம்மில் பலரைக் குடைந்த இந்தக் கேள்வி, 1666 ஜனவரியில் லண்டனில் ஒருவரையும் குடைந்தது. பெயர் சாமுவேல் பீப்ஸ். கடற்படை அலுவலகத்தில் பெரிய அதிகாரி. நல்லவேளை, மனிதருக்கு டைரி எழுதும் பழக்கம் இருந்தது!

1665 கோடையில் லண்டனைப் பிளேக் கவ்வியது. நகரத்தின் மரணப் பட்டியல்படியே அந்த ஆண்டு பிளேக்குக்கு 68,596 பேர் பலி. ராஜா இரண்டாம் சார்லஸ் பரிவாரத்தோடு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். ஆனால், டச்சுக்காரர்களோடு யுத்தம் நடக்கிறதே... கடற்படை ஆபீஸை மூட முடியுமா? ஆகஸ்டில் அதை கிரீனிச்சுக்கு மாற்றினார்கள். பீப்ஸ் வேலை விஷயமாக தேம்ஸ் நதியில் படகேறி லண்டனுக்குப் போய்வந்தார்.

தினமும் அவரை ஏற்றிச்சென்ற படகோட்டி, ஒருநாள் காலை அவரைக் கரையில் இறக்கிவிட்ட கையோடு படுத்தவர்தான்... எழுந்திருக்கவே இல்லை. அவரிடம் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள், ஒரே வாரத்தில் தகப்பனாரைப் பறிகொடுத்தார்கள். அவருடைய டாக்டரும் தப்பவில்லை.

இனி வரவைப் பாருங்கள். வருட ஆரம்பத்தில் 1,300 பவுண்டாக இருந்த சொத்து, வருடக் கடைசியில் 4,400 பவுண்ட்! இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை என்கிற ரீதியில் டிசம்பர் 31 அன்று எழுதுகிறார். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், கூட்டல் சரி. ஆனால், அந்தப் படகோட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜனவரியில் லண்டன் திரும்பினார். தெருவில் மறுபடி ஜனக்கூட்டம். கடைகள் திறக்க ஆரம்பித்திருந்தன. பல இடங்களில் ஏழெட்டுக் கடைகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. இருந்தாலும் பீப்ஸுக்கு ஏக குஷி.

அந்தக் குஷி ஜனவரி 30 வரைதான். அன்றைக்கு ஆபீஸுக்கு அருகிலிருந்த செயின்ட் ஓலவ் தேவாலயத்துக்குப் போனார். பிளேக்குக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கல்லறைத் தோட்டம் முழுக்க மேடு மேடாகப் புதைகுழிகள்! ஆடிப்போய்விட்டார் மனிதர். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கமே வேண்டாம் என்று நினைத்தார். ஆனால், அடுத்த ஞாயிறே மனைவியோடு போகவேண்டி வந்தது.

முந்தின இரவு பெய்த பனி, குழிமேடுகளை மூடியிருந்தது. அதனால் பயம் குறைந்தது என்று எழுதிவைத்தார்.

மேடுகள் எங்கேயும் போய்விடவில்லை. பனி மூடியிருந்தது, அவ்வளவுதான். நாமும் அப்படித்தானே மறுபடி ஆபீஸ் போனோம்?