பழைய காரும் பனி விளக்கும் - ஒரு சிறிய வரலாறு

மார்கழி மாதத்து அதிகாலையில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையில் பனி இறங்கிவிட்டால், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடக் கிட்டே போன பிறகுதான் தெரியும். போகி அன்று பாயும் டயரும் எரிக்கும் புகை அதோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்! 2018 ஜனவரி 13ஆம் தேதி, போகியன்று, சென்னையில் தரையிறங்க முடியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்தைத் திருப்பி விடலாம். காலை ஷிப்டுக்கு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறவர்களை யார் திருப்பி விடுவது? அவர்கள் போயே ஆக வேண்டும்.

அதனால்தான் பழைய கார் வைத்திருப்பவர்கள் பம்பரில் கூடுதலாக இரண்டு விளக்குகள் பொருத்திக்கொள்கிறார்கள். ஃபாக் லேம்ப் என்று கடைகளில் கேட்டு வாங்கும் பனி விளக்கு இதுதான். இந்தச் சிறிய விளக்குக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

கார்பைடு விளக்கிலிருந்து மின்சாரத்துக்கு

ஆரம்பகாலக் கார்களில் எண்ணெய் விளக்கும், பிறகு அசிட்டிலீன் வாயு விளக்கும் எரிந்தன. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் ஒரு காலத்தில் எரிந்த கார்பைடு விளக்கின் அண்ணன் தம்பிதான் அது. 1912ல் அமெரிக்காவின் கேடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடும் மின் விளக்கோடும் வந்தது. 1913ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டைனமோ, பேட்டரி, விளக்கு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வெளிச்சம் கூடியது. ஆனால் பனியில் ஒரு வினோதம் தெரிந்தது. விளக்கு எவ்வளவு பிரகாசமோ, அவ்வளவுக்குப் பாதை மறைந்தது! ஏன் தெரியுமா? பனி என்பது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகள். விளக்கிலிருந்து மேல்நோக்கிப் போகும் ஒளி அந்தத் துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஹை பீம் போட்டால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பது இதனால்தான்.

இதற்குக் கண்ட வழிதான் பனி விளக்கு. விளக்கை ஓட்டுநரின் கண்ணிலிருந்து முடிந்தவரை கீழே இறக்குவது, ஒளியைப் பக்கவாட்டில் விரிப்பது, மேல் விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கிவிடுவது. இவ்வளவுதான் அதன் ரகசியம். தூரத்தைக் காட்டுவது அதன் வேலையே இல்லை. சாலையின் ஓரத்தையும் வெள்ளைக் கோட்டையும் காட்டினால் போதும்.

மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. பிரான்ஸ் நாட்டில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களின் முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் பனித் துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எனவே எல்லா நிறங்களும் அதில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு இதமாக இருப்பதாகப் பலர் சொல்வது உண்டு. பாதையைக் காட்டுவது என்னவோ விளக்கின் உயரமும் ஒளியின் வடிவமும்தான்.

வண்டலூர் காரும் பாடி டைனமோவும்

ஒரகடம், இரண்டு சாலைகள் சந்திக்கும் ஊர். ஒன்று வண்டலூர் - வாலாஜாபாத் சாலை, மற்றொன்று சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலை. வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. அதே 1961ல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டுச் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. டைனமோ, ஸ்டார்ட்டர் போன்ற கார் மின்சாதனங்களைத் தயாரிக்கும் அதன் தொழிற்சாலை சென்னை பாடியில் அமைந்தது. ஆக, காரும் அதன் மின்சாரமும் சென்னையைச் சுற்றியே உருவாகத் தொடங்கிவிட்டன.

அந்தக் காலத்துக் காரில் கூடுதல் விளக்கு மாட்டுவது எளிதல்ல. கணக்குப் போட்டால் புரியும். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது இழுக்கும் மின்சாரம் சுமார் 9 ஆம்பியர். பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். முகப்பு விளக்கு, இக்னிஷன், வைப்பர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது டைனமோ அநேகமாக எதையும் தராது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது எல்லா விளக்கும் எரிந்தால் பேட்டரியின் சக்திதான் குறையும்.

எனவே பலர் பனி விளக்குக்குப் போகாமல் முகப்பு விளக்கின் பல்பை மாற்றினார்கள். பழைய பல்பு 45/40 வாட். ஐரோப்பாவில் 1962ல் காருக்கு ஹாலஜன் பல்பு வந்தது. ஒரே பல்பில் ஹை பீம், லோ பீம் இரண்டும் தரும் எச்4 வகை 1971ல் வந்தது. அதன் அளவு 60/55 வாட். நம் சந்தை அதோடு நிற்கவில்லை. பழைய ஹோல்டரிலேயே பொருந்தும் 100/90 வாட் ஹாலஜன் பல்புகளும் கடைகளுக்கு வந்தன. எதிரே வந்தவர்களின் கண்ணுக்கு அன்று தொடங்கியது சோதனை!

முகப்பு விளக்கில் கறுப்புப் பொட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. போக்குவரத்துக் காவலர்கள் வண்டியை நிறுத்தி விளக்கில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கூசும் வெளிச்சம் எவ்வளவு காலமாகத் தொல்லை தருகிறது என்பதற்கு அந்தப் பொட்டே சாட்சி.

மூடி போட்ட பம்பர்

1993ல் கார் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது. 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது, 1998ல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012ல் டெய்ம்லர் லாரி தொழிற்சாலையும் அங்கே வந்தது.

புதிய கார்களோடு ஒரு புதிய வியாபார முறையும் வந்தது. ஒரே காரைப் பல விலைகளில் விற்பது. விலை கூடிய வகையில் பனி விளக்கு இருக்கும். விலை குறைந்த வகையில் அதே பம்பரில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்தவருக்கு அந்த மூடி தினமும் ஒரு குறையை நினைவூட்டும். சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும் அந்தக் குறையைத் தீர்க்கும் இடங்கள். இரண்டு விளக்கு, ஒயரிங், ரிலே, சுவிட்ச் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டதால் மின்சாரமும் பிரச்சினை இல்லை.

பழைய காருக்கு இந்தத் தேவை நியாயமானதே. கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் முகப்பு வந்த பிறகு, வெயில் பட்டுப் பட்டு அது மஞ்சளாகி மங்கிப்போகிறது. உள்ளே பல்பு நன்றாக எரிந்தாலும் வெளிச்சம் வெளியே வராது.

வெள்ளை வெளிச்சத்தின் விலை

1991ல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் செனான் விளக்கு வந்தது. 2007ல் லெக்சஸ் எல்.எஸ்.600எச் காரில் எல்.இ.டி. முகப்பு விளக்கு வந்தது. அதைச் செய்தது ஜப்பானின் கொய்ட்டோ நிறுவனம். இதே கொய்ட்டோவும் லூகாஸ்-டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து 1996ல் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங் நிறுவனத்தின் தொழிற்சாலை திருவள்ளூர் மாவட்டம் புதுச்சத்திரத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது.

விலையுயர்ந்த கார்களில் முழு விளக்காக வந்தது, உதிரிக் கடைகளில் வெறும் பல்பாக வந்தது. சிக்கல் இங்கேதான். 55 வாட் எச்3 ஹாலஜன் பல்பு சுமார் 1,450 லூமன் ஒளி தரும். 35 வாட் செனான் பல்பு சுமார் 3,200 லூமன் தரும். இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் பழைய விளக்கின் ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்பின் சிறிய இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு வடிவத்தில் பிறந்தால் அந்தக் கத்தி விளிம்பு கலைந்துவிடும். ஒளி மேலே சிதறும். பனியில் ஓட்டுபவருக்கே அது வெள்ளைச் சுவர். பனி இல்லாத இரவில் எதிரே வருபவருக்குக் குருட்டு நிமிடம்.

பொருளியலில் புறவிளைவு என்று ஒரு பாடம் உண்டு. பொருளை வாங்குபவர் ஒருவர், அதன் பாதிப்பைச் சுமப்பவர் இன்னொருவர். தவறான பனி விளக்கு இதற்கு நல்ல உதாரணம். கார்க்காரர் பணம் கொடுத்து வெளிச்சம் வாங்குகிறார். ஷிப்டு முடிந்து பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளி அதற்கு விலை கொடுக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989ல் 106ஆம் விதி இந்த மனிதரை நினைத்தே எழுதியதுபோல் இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் 0.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசக் கூடாது என்கிறது அது. பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். தயாரிப்பாளர் குறித்த அசல் விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஐக்கிய நாடுகளின் 48ஆம் ஒழுங்குமுறைப்படி காரின் முன்பக்கப் பனி விளக்கு தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழும் 800 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கக் கூடாது. நிறம் வெள்ளை அல்லது மஞ்சள் மட்டுமே.

பழைய காருக்குச் சரியான வழி செலவு குறைந்தது என்பதுதான் நல்ல செய்தி. முதலில் மங்கிய முகப்பு பிளாஸ்டிக்கைப் பாலிஷ் செய்யலாம். பனி விளக்கு வேண்டுமென்றால் அந்தக் காருக்கென்றே தயாரிப்பாளர் வைத்த இடத்தில், அதே வாட் பல்போடு, ரிலேயும் ஃபியூஸும் வைத்து மாட்டலாம். பிறகு 10 மீட்டர் தள்ளிச் சுவர் முன் வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 15 சென்டிமீட்டராவது கீழே விழுகிறதா என்று பார்க்கலாம். பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும்.

ஒரகடத்தில் இருக்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில் விளக்குகளின் ஒளியை அளந்து பார்க்க ஓர் ஆய்வகமே உண்டு. புதிய காரின் விளக்கு சாலைக்கு வரும் முன்பே அளந்து பார்க்கப்படுகிறது. பழைய காரில் மாட்டும் விளக்கை அளக்க ஒரு சுவரும், ஒரு டேப்பும், அரை மணி நேரமும் போதும். அதைக்கூடச் செய்யாமல் விட்டால், அளந்து பார்க்கும் வேலை எதிரே பைக்கில் வருபவரின் கண்ணுக்குப் போய்விடுகிறது.