பெயர் தேடி வருவோர்

பேரன் என்ற சொல்லுக்குப் பெயரன் என்பது மூலம். பாட்டனுடைய பெயரைத் தாங்கி, அது மறுபடியும் அந்த வீட்டிற்குள் ஒலிக்கும்படி செய்பவன் எவனோ அவனே பேரன். ஆயினும், அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன் என்று மூன்று தலைமுறையைத் தடையின்றிச் சொல்லும் கிருகஸ்தரிடம் நான்காவது பெயரைக் கேட்டால், அவர் சற்றே தயங்கி, திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் முகத்தைப் பார்ப்பார். பார்ப்பதற்குத் திண்ணையும் முதியவரும் இருப்பதே ஒரு பாக்கியந்தான். கடல் கடந்து வந்து குடியேறியவர்களும், கடல் கடத்திக் கொண்டுவந்து விற்கப்பட்டவர்களுமாகப் பெருகிய அமெரிக்க தேசத்தில், கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அவர்கள் தங்கள் நான்காவது பெயரை ஸர்க்கார் காகிதங்களுக்கிடையே தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேட்டத்திற்கு வழி சொல்லிக் கொடுப்பதையே தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்று, கட்டணமின்றிப் பிரசங்கங்களும் வகுப்புகளும் நடத்திவரும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் விருத்தாந்தம் சுவையானது.

குடியரசு தோன்றி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரையில் அந்நாட்டின் தஸ்தாவேஜுகளுக்கென்று ஒரு வீடு கிடையாது. ஒவ்வோர் இலாகாவும் தன் பழங்காகிதங்களை நிலவறைகளிலும் பரண்களிலும் குவித்து வைத்திருந்தது. ஈரமும் எலியும் நெருப்பும் தத்தம் பங்கைப் பெற்று வந்தன. பிராங்க்ளின் ஜேம்ஸன் என்னும் சரித்திராசிரியர், இவற்றைக் காக்க ஒரு மாளிகை வேண்டுமென்று பல ஆண்டுகள் சலியாமல் வாதாடினார். இதற்கிடையில், 1921 ஜனவரி 10-ஆம் தேதி வர்த்தக இலாகாக் கட்டடத்தின் நிலவறையில் பற்றிய தீ, 1890-ஆம் ஆண்டின் குடிமதிப்பு ஏடுகளில் ஒரு பகுதியைத் தின்றது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் மற்றொரு பகுதியைக் கெடுத்தது. எஞ்சிய ஏடுகள் பேணுவாரின்றிக் கிடந்தன. 1933 பிப்ரவரி 20-ஆம் தேதி, வாஷிங்டனின் பழைய பெரிய சந்தை இருந்த இடத்தில், ஆவண மாளிகைக்கு ஜனாதிபதி ஹூவர் அடிக்கல் நாட்டினார். அதற்கு மறுநாள், பயனற்றவை என்று குறிக்கப்பட்ட அவ்வேடுகளை அழித்துவிடக் காங்கிரஸ் சபை அநுமதி கொடுத்தது! ஆறு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை எண்ணிய அந்தக் கணக்கில், இன்று ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களே மிஞ்சியிருக்கின்றன. மறு ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி காப்பகச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட, கானர் என்னும் சரித்திரப் பேராசிரியர் அதன் முதல் தலைவரானார்.

வம்சாவளி தேடுவது அக்காலத்தில் பெரும்பாலும் கௌரவம் தேடுவதாகவே இருந்தது. சுதந்திர யுத்தத்தில் போரிட்டவரின் வழித்தோன்றல் என்று நிரூபிக்கும் ஸ்திரீகளுக்கு மட்டுமே இடந்தரும் சங்கம் 1890-இல் தோன்றியது. தேசிய வம்சாவளிச் சங்கம் 1903-இல் பிறந்தது. பூர்விகர்களிடையே ஒரு தளபதியையேனும் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று ஏடு புரட்டுவோரைக் கண்டு சரித்திரப் புலவர்கள் புன்னகை புரிந்தது இயல்பே. ஆனால் அப்படித் தேடிச் சென்றவர்களுக்கு அகப்பட்டது என்ன? அந்த யுத்தவீரர்களின் உபகாரச் சம்பள மனுக்கள். 1818-ஆம் ஆண்டுச் சட்டம் வறியவர்களுக்கே சம்பளம் என்றது. 1820-இல் வந்த திருத்தம், மனுதாரன் தன் உடைமைகள் அனைத்தையும் பிரமாணத்தின்மேல் ஜாபிதாவாக எழுதித் தர வேண்டும் என்றது. ஆகவே, குலப்பெருமை நாடிக் கட்டை அவிழ்த்தவர்கள், பானை சட்டி முதற்கொண்டு தன் வறுமையை எண்ணிக் காட்டி நிற்கும் கிழவனையே அங்கே சந்தித்தார்கள். அவனுடைய விதவையோ, விவாகம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்கப்பட்டபோது வேறொன்றும் காட்ட இயலாமல், குடும்பத்தின் பிறப்பும் மணமும் இறப்பும் எழுதி வைத்திருந்த வேதப்புத்தகத்து ஏட்டையே கிழித்து மனுவோடு அனுப்பினாள். அப்படி வந்த ஏடுகள் பல இன்றும் அக்கட்டுகளில் இருக்கின்றன.

இவர்களுக்காவது எழுதி வைக்க ஓர் ஏடு இருந்தது. அடிமைகளாக வாழ்ந்தோரின் சந்ததிக்கு அதுவும் இல்லை. 1790-இல் தொடங்கிய குடிமதிப்பு, 1840 வரையில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதி மற்றவர்களை எண்ணிக்கையாக வைத்தது. 1850-இல்தான் சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவர் பெயரும் ஏடேறிற்று. அவ்வாண்டிலும் 1860-இலும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல்கள் எழுதப்பட்டன. அவற்றில் எஜமானனின் பெயர் உண்டு. அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ற குறிப்புகள் உண்டு. அந்த மனிதனின் பெயர் மட்டும் ஏறக்குறைய எங்குமே இல்லை. விடுதலைக்குப் பின் வந்த 1870-ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அவர்கள் அனைவரும் பெயருடைய மனிதர்களாகத் தோன்றுகிறார்கள். கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது இந்த ஆண்டிலே முட்டிக்கொண்டு நின்றுவிடுவதால், அவர்களுக்கு அது ஒரு மதிற்சுவராகவே ஆகிவிட்டது.

அச்சுவரில் திட்டிவாசல்களும் சில உண்டு. விடுதலை பெற்றோர் சிறுகச் சிறுகச் சேமிப்பதற்காக 1865-இல் ஏற்பட்ட பாங்கி, எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கைக்காரரை அடையாளம் காணும் பொருட்டு, பிறந்த ஊர், தாய் தந்தையர், உடன்பிறந்தோர், சில வேளைகளில் பழைய எஜமானன் ஆகிய விவரங்களைக் கேட்டுப் பதிந்து கொண்டது. 1874-இல் அந்தப் பாங்கி முறிந்தது. 61,000-க்கும் மேற்பட்டோர் போட்ட பணத்தை முழுதும் திரும்பப் பெறாமல் ஏமாந்தனர். பணம் போயிற்று, குமாஸ்தா தன் வசதிக்காகக் கேட்டெழுதிய தாயின் பெயர் தங்கிற்று. உள்நாட்டு யுத்தத்தில் வடபக்கத்துச் சேனையில் சேர்ந்த ஏறத்தாழ 1,79,000 கறுப்பு வீரர்களின் உபகாரச் சம்பளக் கட்டுகளிலும், கணவனை இழந்தவளும் உடன் உழைத்தவர்களும் கொடுத்த வாக்குமூலங்கள் இவ்வாறே தங்கின.

ஒரு சனிக்கிழமையன்று இக்காப்பகத்திற்குள் நுழைந்த அலெக்ஸ் ஹேலி என்னும் எழுத்தாளர், வட கரோலினாவின் அலமான்ஸ் பிரதேசத்து 1870-ஆம் ஆண்டுக் கணக்கை மைக்ரோபிலிமில் சுழற்றிப் பார்த்தார். பாட்டியின் வாய்மொழியாக அவர் கேட்டிருந்த டாம் மரே என்னும் கொல்லரும் அவர் மனைவியும் அங்கே இருந்தனர்; பாட்டியின் தமக்கை எலிஸபெத் ஆறு வயதுச் சிறுமியாக இருந்தாள். 1976-இல் ‘வேர்கள்’ என்ற பெயரில் அவர் எழுதிய நூலும், மறு ஆண்டு தொலைக்காட்சியில் அது தொடராக வந்ததும், ஆயிரமாயிரம் சாமானிய மக்களைக் காப்பகங்களின் வாயிலுக்குக் கொண்டுவந்தன. அந்நூல் கூறும் பழைய தலைமுறைகளின் வரலாறு ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று பின்னர் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆசை காட்டிய வழியில் அத்தாட்சியின்றி ஓர் அடியும் வைக்கலாகாது என்பதற்கு அதுவே பாடமாயிற்று.

இந்தப் பாடத்தைத்தான் காப்பகத்தார் பொதுமக்களுக்கு இலவசமாகச் சொல்லி வருகிறார்கள். 1950-இல் ஒரு சர்வகலாசாலையின் துணையோடு சிலருக்கு மட்டும் நடந்த வம்சாவளிப் பயிற்சி, காலப்போக்கில் யாரும் வந்து கேட்கும் பிரசங்கங்களாகவும், ஆண்டுதோறும் கூடும் வம்சாவளித் திருவிழாவாகவும் விரிந்தது. 2013 முதல் அத்திருவிழாவை இணையத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே கேட்க முடிந்தது. அங்கே முதலில் கற்பிப்பது நம் பாட்டிமாரும் ஒப்பக்கூடிய விதிதான்: உன்னிலிருந்து தொடங்கு, பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கு, வீட்டு முதியவர்களை உயிரோடிருக்கும்போதே கேள். அதன்பின், கணக்கெடுத்தவன் தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பானாதலால் எழுத்துப் பிழைகளையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பதும், உறவினர் கிடைக்காவிடில் அண்டை வீட்டாரைத் தேட வேண்டும் என்பதும், குடிமதிப்பு ஏடுகள் 72 ஆண்டுகள் மறைவாக இருந்த பின்னரே திறக்கப்படும் என்பதும் வருகின்றன. அவ்விதிப்படியே 1950-ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளிவந்தன. தம் குழந்தைப் பருவத்துப் பெயரைத் தாமே கண்டுகொள்ளும் வயதில் பலர் இருந்தனர்.

வேதப்புத்தகத்து ஏட்டைக் கிழித்தனுப்பிய விதவை, அதை அனுப்பியபோது தன் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டோமே என்று கலங்கியிருக்கக்கூடும். வீட்டில் தங்கிய புத்தகங்கள் தீக்கும் வெள்ளத்திற்கும் பாகப்பிரிவினைக்கும் இரையாயின. அவளைப் பிரிந்த ஏடு தங்கிற்று. அது எந்தக் கட்டில் இருக்கிறது, எவ்விதம் கேட்டால் கிடைக்கும் என்பது மட்டுமே அவளுடைய பேரர்களுக்குத் தெரியாமலிருந்தது. அதைச் சொல்லித் தருவதற்குத்தான் அந்த மாளிகையில் காசு வாங்குவதில்லை.