ரெண்டு தூக்கக் கதை

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டி, விட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிடக்கிற கோஷ்டியா நீங்க? நானும்தான். அப்படி ஒரு ராத்திரியில சும்மா ஆங்கில அகராதியைப் புரட்டினேன். நேப்னா குட்டித் தூக்கம். டோஸ்னா லேசா கண்ணசர்றது. ஸ்லம்பர், கவிஞர்கள் மட்டும் தூங்கற தூக்கம் :-) சியஸ்டா ஸ்பானிஷ்லேர்ந்து வந்த சரக்கு. அதுக்கு மூலம் லத்தீன்ல 'ஆறாவது மணி'. ரோமானியர்கள் சூரியன் உதிச்சதுலேர்ந்து மணி எண்ணினதால ஆறாவதுன்னா உச்சிவெயில் நேரம்.

ஆனா நான் சொல்ல வந்தது இன்னைக்குப் புழக்கத்திலேயே இல்லாத ஒரு சொல்லைப் பத்தி. ஃபர்ஸ்ட் ஸ்லீப். அதாவது முதல் தூக்கம்.

ரோஜர் எகர்ச்னு ஒரு அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர். பழைய காலத்து இரவு வாழ்க்கையை ஆராயப் போனவருக்கு கோர்ட் வாக்குமூலம், டைரி, மருத்துவ நூல்னு எங்கே பார்த்தாலும் இந்தச் சொல் தட்டுப்பட்டிருக்கு. யாரும் விளக்கம் கொடுக்கவே இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிக்கு எதுக்கு விளக்கம்? 2001ல் கட்டுரையாகவும் 2005ல் புத்தகமாகவும் அவர் எழுதினது இதுதான்: முன்னிரவில் ஒரு தூக்கம், நடுராத்திரி வாக்கில் ஒரு மணி நேரம் போல முழிப்பு, அப்புறம் செகண்ட் ஸ்லீப். நடுவுல ஜெபம் பண்ணுவாங்க, வீட்டு வேலை பார்ப்பாங்க, கண்ட கனவைப் பேசிக்குவாங்க. சில பேர் திருடவும் கிளம்பிடுவாங்க. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலும் இதே சொல் இருந்திருக்கு.

1807ல் லண்டன் பால் மால் தெருவில் கேஸ் விளக்கு எரிஞ்சது. வெளிச்சம் பரவப் பரவ ஜனங்க படுக்கப்போற நேரம் தள்ளிப்போச்சு, ரெண்டு தூக்கமும் ஒண்ணாச்சு, சொல்லும் மெல்ல செத்துப்போச்சு. பேர் போனதும் அந்த நடுராத்திரி முழிப்பு வியாதி ஆயிடுச்சுங்கறார் எகர்ச்.

1992ல் தாமஸ் வேர்ங்கற மனநல மருத்துவர் சில பேரை ஒரு மாசம் தினமும் 14 மணி நேரம் இருட்டில் வெச்சுப் பார்த்தார். தூக்கம் தானா ரெண்டாப் பிரிஞ்சுது. ஆனா 2015ல் மின்சாரம் இல்லாம வாழற ஹட்சா, சான், சிமானே மக்களை ஆராய்ஞ்சப்ப அவங்க பெரும்பாலும் ஒரே மூச்சில்தான் தூங்கறாங்கன்னு தெரிஞ்சுது. குளிர்நாட்டு நீண்ட இரவுக்கு ரெண்டு தூக்கம் சரி. மனுஷ குலத்துக்கே பொதுன்னா எனக்குக் கொஞ்சம் ஓவராத்தான் படுது.

இருந்தாலும் போன வாரம் முழிப்பு வந்தப்ப மணி பார்க்கலை. தண்ணி குடிச்சிட்டு, பாதியில விட்ட புத்தகத்தை எடுத்தேன். மூணே பக்கம்... செகண்ட் ஸ்லீப்!